எலும்பு கூடிவிட்டது, கால் இன்னும் கூடவில்லை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 47, சிங்கப்பூரில் சரக்கு வேன் ஓட்டுகிறார். நவம்பர் மழையில் புளோக்கின் கீழ்ப்படியில் வழுக்கி, வலது கணுக்காலில் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் உடைந்துவிட்டன. வெளிப்பக்கம் பிளேட், உள்பக்கம் 2 ஸ்க்ரூ வைத்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். 7 வாரம் ஆகிறது. "எலும்பு நன்றாகக் கூடிவருகிறது, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஊன்றி நடக்கலாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ஊன்றினால் வலிக்கிறது, சாயங்காலம் ஆனால் வீங்குகிறது, காலைத் தொங்கப்போட்டால் நாவல்பழ நிறத்துக்கு மாறுகிறது. எக்ஸ்ரேயில் உடைந்த இடத்தைச் சுற்றி முடிச்சு எதுவும் தெரியவில்லையே, உண்மையிலேயே கூடிவிட்டதா என்ற சந்தேகம் வேறு. கால் எப்போது பழையபடி ஆகும், எப்போது வேன் ஓட்டலாம், இன்னும் 4 வாரத்தில் தைப்பூசம், பால்குடம் எடுக்கலாமா என்று கேட்கிறார்.

18 ஆண்டாகப் பிசியோவாக, அதாவது இயன்முறை சிகிச்சையாளராக, வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தில் கணுக்கால் உடைந்தவர்களுக்கு மனம் மிகவும் சோர்ந்துபோவது விழுந்த நாளில் இல்லை, இந்த 7, 8ஆம் வாரத்தில்தான். விழுந்த நாளில் எல்லாரும் பதறி ஓடிவந்து பார்க்கிறார்கள். மாவுக்கட்டோ பூட்ஸோ இருக்கும்வரை அதன்மேல் பழி போடலாம். அதைக் கழற்றியதும் எழுந்து நடந்துவிடுவோம் என்று நாள் எண்ணிக்கொண்டு இருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே சுருங்கி, வறண்டு, தோலுரிந்து, யாருடையதோ போல ஒரு கால்.

மருத்துவர் சொன்னதும் சரி, உங்கள் கால் சொல்வதும் சரி. அவர் பார்த்தது எலும்பை. நீங்கள் ஊன்றுவது எலும்பும் மூட்டும் தசையும் நரம்பும் சேர்ந்த ஒன்றின்மேல். இவை எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. சொல்லப்போனால் இவற்றில் முந்திக்கொள்வது பெரும்பாலும் எலும்புதான்.

எக்ஸ்ரேயில் இருந்தே தொடங்குகிறேன். சாதாரணமாக எலும்பு உடைந்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். சில நாளில் அந்தக் கட்டிக்குள் புதுச் செல்கள் வந்து, 2, 3 வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற ஒரு பாலம் உருவாகும். அதில் சுண்ணாம்புச்சத்து படிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் கெட்டிப்படும். நீங்கள் தேடும் முடிச்சு அந்தப் பாலம்தான். பிளேட் போட்டு இரண்டு முனைகளையும் அசையாமல் இறுக்கிவிட்டால் பாலம் கட்டும் தேவையே எலும்புக்கு இல்லை. ஒரு முனையில் இருந்து இன்னொரு முனைக்கு நேராகத் துளைத்துக்கொண்டு போய்ப் புது எலும்பை நிரப்பிவிடும். அதனால்தான் முடிச்சு தெரியவில்லை. உங்கள் விஷயத்தில் அது தெரியாமல் இருப்பதே வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். பெரிய முடிச்சு தெரிந்திருந்தால் உள்ளே ஏதோ ஆடுகிறது என்று மருத்துவர்தான் யோசித்திருப்பார்.

இத்தனை இறுக்கம் எதற்கு என்றால், கணுக்கால் மூட்டு தச்சர் இழைத்த பொருத்துமாதிரி. கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு கவடுபோல நிற்க, அதற்குள் டாலஸ் என்ற சின்ன எலும்பு கச்சிதமாக உட்காருகிறது. அந்த டாலஸ் வெளிப்பக்கம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று ராம்சே, ஹாமில்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1976ல் அளந்து காட்டினார்கள். உடல் பாரம் முழுவதும் மிச்சமிருக்கும் பரப்பில் இறங்கினால் சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்துவிடும். உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் உடைந்தால் கவடு விரிந்துகொடுக்கும். ஆகவே உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்தது நியாயமான முடிவு. வெளிப்பக்கம் மட்டும் உடைந்து மூட்டு நகராமல் இருப்பவர்கள் பலர் பூட்ஸ் போட்டு முதல் வாரத்திலேயே நடப்பார்கள். அவர்களோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். "என் மச்சானுக்கு ஆறே வாரத்தில் சரியாகிவிட்டது" என்று சொல்ல ஒருவர் எப்படியும் வருவார். மச்சானுக்கு உடைந்தது வேறு கணக்கு.

சரி, எலும்பு கூடியது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் வலி?

7 வாரம் அசையாமல் இருந்த மூட்டின் உறை, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த தோல் செருப்பு மாதிரி இறுகியிருக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் உங்களுக்கு இப்போது செங்கோணத்தைத் தாண்டியிருக்காது. சாதாரணமாக நடக்கவே அதற்குமேல் 10 டிகிரி வேண்டும். படி இறங்க இன்னும் அதிகம். குந்தி உட்கார அதைவிட அதிகம். அந்த 10 டிகிரி கிடைக்காததால் உடம்பு குறுக்குவழி தேடுகிறது: பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வாத்துநடை, அல்லது முழங்காலைப் பின்னால் தள்ளி ஒரு நடை. பலர் 'வலி' என்று சொல்வதில் பாதி, இறுகிய மூட்டை வலுக்கட்டாயமாகத் திறப்பதால் வரும் இழுப்புதான்.

அடுத்தது கெண்டைக்கால். மருத்துவர்கள் அதை இரண்டாவது இதயம் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நடக்கும்போது அந்தத் தசை பிழிந்துதான் பாதத்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. உங்கள் இரண்டு கெண்டைக்காலையும் தையல்காரர் நாடாவால் அளந்து பாருங்கள், வலது பக்கம் 2, 3 சென்டிமீட்டர் இளைத்திருந்தால் ஆச்சரியமில்லை. பம்பு பலவீனமாக இருக்கும்வரை காலைத் தொங்கப்போட்டால் ரத்தம் தேங்கும். அதுதான் அந்த நாவல்பழ நிறம். படுத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்குமேல் தூக்கிவைத்துக் கொஞ்ச நேரத்தில் நிறமும் வீக்கமும் இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு முக்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு டிவி பார்ப்பது 'தூக்கிவைத்ததாக' ஆகாது. படுக்க வேண்டும், கீழே 2, 3 தலையணை வேண்டும். சாயங்கால வீக்கம் 6 மாதம்வரை சகஜம். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு ஒரு வருடம்வரைகூடப் பார்த்திருக்கிறேன்.

யாரும் சொல்லாத மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. கணுக்காலைச் சுற்றியுள்ள தசைநார்களில், 'பாதம் இப்போது எப்படிச் சாய்ந்திருக்கிறது' என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அடிபட்டபோது அவையும் அடிபட்டன. தரையே தெரியாத மாதிரி, கால் நம்பக்கூடாத மாதிரி தோன்றுவது உங்கள் கோழைத்தனம் இல்லை. உண்மையிலேயே அங்கிருந்து தகவல் குறைவாகத்தான் வருகிறது.

ஊன்றினால் பிளேட் உடைந்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு பதில். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2024ல் லான்செட் இதழில் வந்தது. கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்தவர்களில் ஒரு பிரிவினரை 2 வாரத்திலேயே ஊன்றச் சொன்னார்கள், இன்னொரு பிரிவினரை 6 வாரம் கழித்து. 4 மாதத்தில் ஒப்பிட்டபோது சீக்கிரம் ஊன்றியவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. நீங்கள் 7 வாரத்தைத் தாண்டியவர், மருத்துவர் அனுமதியும் இருக்கிறது. பாரம் பட்டால்தான் எலும்புக்கும் உரம் ஏறும். ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892லேயே எழுதியது அது.

ஆனால் எடுத்த எடுப்பில் உடல் எடை முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா? வலது காலை அதன்மேல் வையுங்கள், அதே உயரத்துக்கு ஒரு தடித்த புத்தகத்தை இடது காலுக்கடியில் வையுங்கள், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வலப்பக்கம் சாயுங்கள். முள் 20 கிலோ காட்டும்போது எப்படி இருக்கிறது, 35ல் எப்படி இருக்கிறது என்று கால் கற்றுக்கொள்ளும். 2, 3 நாளுக்கு ஒருமுறை 5 கிலோ கூட்டுங்கள். 'கொஞ்சம் ஊன்றுங்கள்' என்ற வாய்வார்த்தையைவிட இந்த எண் பயத்தைப் போக்குகிறது.

கைத்தடியை இடது கையில் பிடியுங்கள். வலது கால் நோகிறது என்று வலது கையிலேயே பிடிப்பவர்கள்தான் அதிகம், தவறு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டு டைல்ஸ் தரை இந்தக் குதிகாலுக்குப் பாறை. மெத்தென்ற, பின்வார் உள்ள செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வாங்குங்கள். தட்டையான ரப்பர் செருப்பு வேண்டாம், அதை விரலால் கவ்விப் பிடிக்கும்போது நடை கெட்டுவிடும்.

மூட்டை இளக்க நான் எல்லாருக்கும் கொடுக்கும் வேலை, கால் பெருவிரலால் காற்றில் எழுதுவது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை எழுதச் சொல்வது வழக்கம். நம் ஆட்களுக்கு நான் அ முதல் ஃ வரை எழுதச் சொல்கிறேன், ஒரு நாளைக்கு 3, 4 முறை. தமிழ் எழுத்தின் வளைவும் சுழியும் கணுக்காலை எல்லாத் திசையிலும் சுற்றவைக்கும். 'ஆ' எழுதும்போது உள்பக்கம் இழுக்கிறது என்று சொல்வார்கள், அங்கேதான் இறுக்கம்.

பிறகு சுவர் அளவு. சுவரைப் பார்த்து நின்று, வலது பாதத்தை முன்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற தூரத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று வாரம் ஒருமுறை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலையும் அளந்தால் இலக்கு என்னவென்று தெரியும். கண்ணாடியில் தெரியாத முன்னேற்றம் இந்த நோட்டில் தெரியும்.

கெண்டைக்காலுக்கு, மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குவது. எழுபது தாண்டிய ஒரு பாட்டி என்னிடம் வந்துகொண்டிருந்தார். உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்பார். பால் காய்ச்சும்போது அடுப்பைவிட்டு நகர முடியாதல்லவா, அந்த நேரத்தில் செய்யுங்கள் என்றேன். காலையில் பால், சாயங்காலம் டீ. 4 மாதத்தில் ஒற்றைக் காலில் 10 முறை எழும்பிக் காட்டினார். உங்கள் வயதுக்கு இலக்கு ஒற்றைக் காலில் 20 முறை. அதை எட்டும்வரை ஓடுவதைப் பற்றிப் பேச வேண்டாம். தனியாக இருக்கும்போது பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள், பக்கத்திலேயே பிடிமானம் இருக்கட்டும். நரம்பு முனைகள் மறுபடி பேச ஆரம்பிப்பது அப்படித்தான்.

தையல் போட்ட இடம் முழுதாக ஆறியிருந்தால் நீச்சல்குளம் அருமையான இடம். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் முக்கால் பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். வெறும் நடை போதும். குளக்கரை ஈரத்தில் மட்டும் மறுபடி வழுக்கிவிடாதீர்கள்.

எவ்வளவு வலி சரி என்று கேட்பீர்கள். பத்துக்கு நான்குவரை இருக்கலாம், மறுநாள் காலையில் அது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் நேற்று செய்தது அதிகம், இன்று பாதியாகக் குறையுங்கள். முழுக்க நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாடு. வீட்டில் ஆட்டுக்கால் சூப் ஓடிக்கொண்டிருக்கும், பீச் ரோட்டுப் பக்கம் போய் சிவக்கச் சிவக்க இருக்கும் சூப் துலாங் என்ற ஆட்டெலும்புச் சூப்பும் உறிஞ்சிவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். ருசிக்குச் சாப்பிடுங்கள். எலும்பை வேகவைத்த தண்ணீரில் இறங்கும் சுண்ணாம்புச்சத்து மிகவும் குறைவு. ஒரு பெரிய கோப்பைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது, 100 கிராம் கேழ்வரகில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் நிறைய. அதோடு மூன்று வேளையும் முட்டை, மீன், பருப்பு என்று புரதம் இருக்கட்டும், கரைந்த தசை அதில் இருந்துதான் திரும்பும். வெயில் நாட்டில் இருந்தும் வைட்டமின் டி குறைந்தவர்கள் இங்கே நிறைய, நாள் முழுக்க வேனுக்குள் இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். அடுத்தமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இந்த மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள். எலும்புக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களை அது சுருக்குகிறது. நீரிழிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நான் சொன்ன வாரக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அதிலும் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களை வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு காலம் ஊன்றாமல் வைத்திருப்பார்கள். அதை உங்கள் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

எண்ணெய் போட்டு நீவிவிடுவதைப் பற்றியும் கேட்பார்கள். தழும்பைச் சுற்றி, கெண்டைக்காலில், இதமாக நீவலாம், நல்லதுதான். மூட்டைப் பிடித்து 'சொடக்கு' எடுக்கிறேன், வளைந்ததை நிமிர்த்துகிறேன் என்று யார் சொன்னாலும் காலைக் கொடுக்காதீர்கள். உள்ளே ஸ்க்ரூ இருக்கிறது.

காலக்கணக்குக்கு வருகிறேன். 3 மாதத்தில் தடி இல்லாமல் வீட்டைச் சுற்றி, கடைத்தெருவரை நடப்பீர்கள்; கொஞ்சம் நொண்டும். சிக்னலில் பச்சை மனிதன் மின்னி முடிவதற்குள் சாலையை அவசரமில்லாமல் கடக்க முடிகிறதா என்பது நல்ல பரிசோதனை. 6 மாதத்தில் அன்றாட வேலை பெரும்பாலும் கைக்குள் வந்துவிடும், படி இறங்குவது மட்டும் கடைசியில்தான் சரியாகும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி இந்த 6 மாதத்துக்குள் நடக்கும். அதற்குப்பின் மெதுவாகும், ஆனால் நிற்காது. ஒரு வருடத்தில் கால் எப்படி இருக்கிறதோ ஏறக்குறைய அதுதான் உங்கள் கால். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதில் கொஞ்சம் இழுப்பும் காலை எழுந்ததும் நாலு அடிக்கு இறுக்கமும் சிலருக்குத் தங்கிவிடும். பழைய கால் நூறு சதவீதம் திரும்பும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பிளேட்டை எடுக்கலாமா என்ற பேச்சு ஒரு வருடம் கழித்துப் போதும், உறுத்தாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

வேன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பிரேக் மிதிப்பது வலது கால். வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் பிரேக் மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 9 வாரத்தில் இயல்புக்கு வந்தது என்று 2003ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நீங்கள் ஊன்றத் தொடங்கியதே இப்போதுதான், ஓட்டப்போவது சரக்கு ஏற்றிய வண்டி. அதனால் 12 வாரம் என்று மனதில் வைத்துக்கொண்டு, மருத்துவர் எழுத்தில் சரி என்ற பிறகே சாவியைத் தொடுங்கள். அதற்குமுன் நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, குழந்தை ஓடிவந்த மாதிரி நினைத்து, பிரேக்கை முழு பலத்தோடு 10 முறை மிதித்துப் பாருங்கள். ஒருமுறை தயங்கினாலும் இன்னும் நாள் ஆகவில்லை. சிங்கப்பூர்ச் சட்டப்படி 6 மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு 60 நாள் மருத்துவமனை விடுப்பு உண்டு, சாதாரண எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, 14 நாளும் அதற்குள் அடக்கம். மிச்சம் எத்தனை நாள் என்று இப்போதே முதலாளியிடம் பேசி, இடைக்காலத்துக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கேளுங்கள்.

இவற்றில் எதுவும் பொருந்தாத நிலைகள் சில உண்டு. கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்து, படுத்தாலும் வீக்கம் இறங்காவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். தழும்பில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், போர்வை உரசினாலே தீப்பட்டதுபோல் எரிந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாகப் பால்குடம். தைப்பூசத்தன்று உங்களுக்கு 11 வாரம் ஆகியிருக்கும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை 3 கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில், தலையில் குடம், முன்னும் பின்னும் கூட்டம். நடப்பதைவிட வரிசையில் நின்று நின்று நகர்வதுதான் இந்தக் காலுக்குக் கஷ்டம், யாராவது தெரியாமல் மிதித்தால் சட்டென்று விலகவும் முடியாது. இந்த வருடம் வேண்டாம் என்பதுதான் என் பதில். வீட்டில் வேறு யாராவது உங்களுக்காக எடுக்கட்டும், அடுத்த பூசத்துக்கு நீங்களே எடுக்கலாம், அதற்கு 14 மாதம் ஆகியிருக்கும். முருகனைப் பார்க்காமல் மனம் கேட்காது என்றால் டாக்சியில் டேங்க் ரோட்டுக்கே நேராகப் போய், வாசல்வரை ஷூ போட்டு, இடது கையில் தடியோடு உள்ளே போங்கள். பாலும் தண்ணீரும் சிந்திய தரை, பார்த்து.